பிள்ளை அமெரிக்க ராணுவத்தில், பெற்றோர் வேறு நாட்டில்: தூரத்திலிருந்து துணை நிற்பது எப்படி?

கிரீன் கார்டு இருந்தால் போதும், அமெரிக்க ராணுவத்தில் சேரலாம், குடியுரிமை வேண்டியதில்லை. அப்படிச் சேரும் பிள்ளைகள் பலருடைய பெற்றோர் வேறு நாட்டில் இருக்கிறார்கள். ஆனால் ராணுவம் குடும்பங்களுக்காகச் செய்துவைத்திருக்கும் ஏற்பாடுகள் பெரும்பாலும், குடும்பம் அமெரிக்காவுக்குள் இருக்கிறது என்ற கணக்கில் செய்தவை. அவசர எண் கட்டணமில்லா எண். பல நாடுகளிலிருந்து அது இணையாது. பயிற்சி நிறைவு விழாவின் தேதி சில வாரங்களுக்கு முன்புதான் உறுதியாகும். விசா நேர்காணலுக்கோ மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். படிவத்தில் உங்கள் போன் எண் நாட்டுக் குறியீடு இல்லாமல் பதிவாகியிருந்தால், தேவைப்படும் நாளில் யாராலும் உங்களை எட்ட முடியாது.

ஆகவே, அந்த ஏற்பாட்டுக்குள் உங்கள் இடத்தை நீங்களே கேட்டு வாங்கிப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். பிள்ளை பயிற்சிக்குக் கிளம்புவதற்கு முந்தைய ஒரு மாதம்தான் அதற்குத் தோதான காலம். கிளம்பிய பிறகு கையில் போன் இருக்காது, உட்கார்ந்து பேச நேரமும் இருக்காது.

கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை

முதலில் பெயர். தமிழ்ப் பெயர்களில் இது பெரிய சிக்கல். இனிஷியல் ஒரு ஆவணத்தில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயராக விரிந்திருக்கும், அமெரிக்கப் பதிவில் அதுவே குடும்பப் பெயராகியிருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால், முதற்பெயர் தெரியாது என்பதற்கான 'எஃப்என்யு' என்ற மூன்றெழுத்து முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். ராணுவப் பதிவில் பெயர் எந்த எழுத்தில், எந்த வரிசையில் இருக்கிறதோ, அதை அப்படியே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தின் மேல் எழுத வேண்டியதும் அவசரத்துக்குச் சொல்ல வேண்டியதும் அந்தப் பெயர்தான். வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லித் தேடினால் யாரும் கிடைக்கமாட்டார்கள்.

அதே தாளில் பிறந்த தேதி, எந்தப் படைப்பிரிவு, பயிற்சி முகாமின் பெயர், சோஷியல் செக்யூரிட்டி எண் ஆகியவையும் இருக்கட்டும். இந்தத் தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்காதீர்கள். தாளாகவே பீரோவில் வைத்துவிட்டு, இருக்கும் இடத்தை வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லிவையுங்கள்.

அடுத்தது 'டிடி 93' என்ற படிவம். பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும், இறந்தால் உடலை எங்கே கொண்டுசெல்வது என்று முடிவெடுக்க யாருக்கு உரிமை, 1,00,000 டாலர் இறப்புக் கருணைத்தொகை யாருக்கு என்பதெல்லாம் அதில்தான் எழுதப்படும். இதை நிரப்பும் நாளில் பிள்ளைகள் தூக்கமில்லாமல், வரிசையில் நின்று, அவசர அவசரமாக நிரப்புவார்கள். அதனால் நீங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தனுப்புங்கள்: அம்மா, அப்பா இருவரின் முழுப்பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, முழு முகவரி ஆங்கிலத்தில், கூட்டல் குறியும் நாட்டுக் குறியீடும் சேர்த்த இரண்டு போன் எண்கள். அமெரிக்காவுக்குள் நம்பகமான உறவினரோ நண்பரோ இருந்தால் அவருடைய எண்ணையும் கூடுதல் தொடர்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். நீங்கள் வீடு மாறினாலோ எண்ணை மாற்றினாலோ பிள்ளை இந்தப் படிவத்தையும் மாற்ற வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

ஆயுள் காப்பீட்டின் பெயர் 'எஸ்ஜிஎல்ஐ'. 2023 மார்ச் 1 முதல் அதன் உச்சத் தொகை 5,00,000 டாலர். பயனாளி யார் என்பதை டிடி 93-இல் எழுதினால் போதாது. காப்பீட்டுக்கென்று உள்ள தனி இணையப் பக்கத்தில் பதிவுசெய்ய வேண்டும். பிள்ளைக்குத் திருமணம் ஆகும்போது இரண்டையும் மறுபடி பார்க்க வேண்டும். இதைப் பற்றிப் பேச எந்த அப்பா அம்மாவுக்கும் நாக்கு எழாது. ஆனாலும் ஒரே ஒரு முறை, கிளம்பும் முன், நேராகப் பேசிவிடுங்கள். பேசாமல் விட்ட வீடுகளில் பிற்பாடு வரும் குழப்பம், அந்த அரை மணி நேரத்தைவிடப் பல மடங்கு வலிக்கும்.

மூன்றாவது, பின்னணிச் சோதனை. 'எஸ்எஃப்-86' என்ற நீண்ட படிவத்தில் வெளிநாட்டில் உள்ள பெற்றோர், உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவரின் பிறந்த தேதி, பிறந்த ஊர், குடியுரிமை, முகவரி, வேலை எல்லாம் கேட்பார்கள். அரசு வேலையிலோ சொந்த நாட்டு ராணுவத்திலோ இருந்தவர்கள் குடும்பத்தில் இருந்தால் அதையும் உள்ளபடியே எழுத வேண்டும். அப்படி ஓர் உறவு இருப்பதால் மட்டும் வாய்ப்புப் போய்விடாது. மறைத்தது தெரியவந்தால் போகும். தேதிகள் ஆவணத்துக்கு ஆவணம் வேறுபட்டால் எதை எழுதுவது என்பதையும் இப்போதே முடிவுசெய்யுங்கள்.

இதோடு சேர்ந்த ஒன்று, பிள்ளை பெயரில் நீங்கள் போட்டுவைத்திருக்கும் பணம். வைப்புத்தொகையில் இரண்டாம் பெயராகச் சேர்த்திருப்பீர்கள், நிலத்தில் பங்கு எழுதியிருப்பீர்கள். பின்னணிப் படிவத்தில் இவற்றையெல்லாம் காட்ட வேண்டும். போதாததற்கு, அமெரிக்காவுக்கு வெளியே பிள்ளை பெயர் உள்ள கணக்குகள் எல்லாம் சேர்ந்து ஆண்டில் ஏதாவது ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும், 'எஃப்பார்' என்ற அறிக்கையை அமெரிக்க அரசுக்குத் தர வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். பணம் முழுக்க உங்களுடையதே என்றாலும் விதி விதிதான். பெயர் தேவையில்லாத கணக்குகளிலிருந்து எடுத்துவிடுங்கள்; இருக்க வேண்டியவற்றின் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் விசா. நிறைவு விழாவுக்குப் போக ஆசையிருந்தால், தேதி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சேர்வது உறுதியான அன்றே பார்வையாளர் விசாவுக்கு விண்ணப்பியுங்கள். முகாமுக்குள் நுழைய வெளிநாட்டவருக்குத் தனிச் சரிபார்ப்பு உண்டு. பாஸ்போர்ட் விவரங்களை முன்னரே அனுப்பச் சொல்லும் முகாம்களும் இருக்கின்றன. வாசலில் போய் நின்று கேட்டால் விழா முடிந்துவிடும்.

பயிற்சி வாரங்கள்

தரைப்படையின் அடிப்படைப் பயிற்சி 10 வாரம், மரீன் படையில் 13 வாரம், விமானப்படையில் ஏழரை வாரம். தரைப்படையின் காலாட்பிரிவில் அடிப்படைப் பயிற்சியும் தொழிற்பயிற்சியும் ஒன்றாகச் சேர்ந்து 22 வாரம் ஓடும்.

முகாமில் இறங்கியதும் ஒரு அழைப்பு வரும். சில நொடிகள்தான். "வந்து சேர்ந்துவிட்டேன், அட்ரஸ் பிறகு வரும்" என்பதை ஏறக்குறைய ஒப்பிப்பதுபோலச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். குரல் கம்மியிருக்கும், படபடப்பாக இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். சர்வதேச அழைப்புக்கு வசதியில்லாத போனிலிருந்து அழைக்க நேர்ந்தால் அந்த அழைப்பு உங்களுக்கு வராமலே போகலாம். அதனால் அமெரிக்காவில் இருக்கும் ஒருவரை 'இடையாள்' என்று முன்பே முடிவுசெய்து, அவர் எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடம் ஆக்கிவிடுங்கள். போனைப் பூட்டிவைத்துவிட்டால் சேமித்த எண் எதற்கும் உதவாது.

அதன்பின் வாரக்கணக்கில் சத்தமே இருக்காது. நடுவில் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போன் கிடைக்கலாம். அது பயிற்சி சார்ஜென்ட்டின் முடிவு. ஒரு பிரிவுக்குக் கிடைத்தது, பக்கத்துப் பிரிவுக்குக் கிடைக்காது. செய்தி இல்லை என்றால் கெட்ட செய்தி இல்லை என்றே கொள்ளுங்கள். பயிற்சியில் பெரிய காயம் ஏற்பட்டால் வீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள்.

இந்த வாரங்களில் பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பது கடிதம். வெளிநாட்டிலிருந்து சாதாரணத் தபால் போய்ச் சேர இரண்டு, மூன்று வாரம் ஆகும். எனவே அட்ரஸ் கிடைத்த அன்றே முதல் கடிதத்தைப் போடுங்கள். பயிற்சியின் கடைசி மூன்று வாரங்களில் போடுவது கைக்குப் போய்ச் சேராது. காத்திருக்க முடியாதவர்களுக்கு 'சாண்ட்பாக்ஸ்' என்ற ஆப் இருக்கிறது. போனில் தட்டச்சு செய்து அனுப்பினால், அமெரிக்காவுக்குள்ளேயே அச்சிட்டு முகாமுக்குச் சேர்த்துவிடுவார்கள்.

உறை வெள்ளையாக, வெறுமையாக இருக்கட்டும். மேலே படம், ஒட்டுப்படம், வாசனை எதுவும் கூடாது. அப்படி வரும் கடிதத்துக்குப் பிள்ளை எல்லார் முன்னும் தண்டால் எடுக்க வேண்டியிருக்கும். தின்பண்டம் வைக்காதீர்கள், பிடுங்கிவிடுவார்கள். பெயரை முழுதாக, பிறகு பிளட்டூன், கம்பெனி, பட்டாலியன் எல்லாவற்றையும் பிள்ளை எழுதியனுப்பியபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். ஒரு வரி விட்டுப்போனால் கடிதம் முகாமுக்குள்ளேயே சுற்றும்.

உள்ளே வீட்டின் சின்னச் சின்னச் செய்திகளை எழுதுங்கள். பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதுகூட அங்கே பொக்கிஷம். "நீ இல்லாமல் சாப்பாடே இறங்கவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். அவர்களால் அங்கிருந்து உங்களைத் தேற்ற முடியாது. இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். "ஏன்டா இதில் போய்ச் சேர்ந்தாய்" என்ற கேள்விக்கும் இது நேரமில்லை.

பேசும் நேரம்

பயிற்சி முடிந்து பணியிடம் போனபின் போன் கையில் இருக்கும். வேலைநாள் விடியற்காலை உடற்பயிற்சியோடு தொடங்கிவிடும். அதற்கு முந்தைய இரவு நீண்ட நேரம் பேசவைப்பது பிள்ளைக்குச் செய்யும் உதவியல்ல. வாரத்துக்கு ஒரு நிலையான நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அது தவறினால் கேள்வி கேட்பதில்லை என்ற ஒப்பந்தமும் இருக்கட்டும். மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். கடிகாரம் மாற்றாத நாட்டில் இருப்பவர்கள் அந்த வாரங்களில் வீணாகப் பதறுகிறார்கள்.

பிள்ளையைப் போர்ப்பகுதிக்கோ வேறு நாட்டுத் தளத்துக்கோ அனுப்பினால், எங்கே, எப்போது, எத்தனை பேர், எப்போது திரும்புவார்கள் என்பது எதுவும் உங்கள் வாயிலிருந்து வெளியே போகக்கூடாது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்துதான் இந்தச் செய்திகள் பெரும்பாலும் கசிகின்றன. "இன்னும் 12 நாளில் வந்துவிடுவான்" என்று மாமா போடும் ஒற்றை வரியே ஒரு படைப்பிரிவின் பயணத் தேதிதான். சீருடையில் பெயர்ப்பட்டை தெரியும் படமும் வேண்டாம். "உங்கள் மகன் காயம்பட்டிருக்கிறார், விடுவிக்கப் பணம் அனுப்புங்கள்" என்று யார் அழைத்தாலும் அது மோசடி. ராணுவம் சிகிச்சைக்கோ லீவுக்கோ பெற்றோரிடம் பணம் கேட்காது.

பார்சல்

வெளிநாட்டுத் தளங்களுக்கு 'ஏபிஓ' அல்லது, கடற்படையானால், 'எஃப்பிஓ' என்ற அஞ்சல் முகவரி உண்டு. ஊரின் இடத்தில் அந்த மூன்றெழுத்து, மாநிலத்தின் இடத்தில் 'ஏஇ', 'ஏபி', 'ஏஏ' இவற்றில் ஒன்று, பிறகு அமெரிக்க அஞ்சல் குறியீடு. பிள்ளை எந்த நாட்டில் இருந்தாலும் அந்த நாட்டின் பெயரை எழுதக்கூடாது. நாடு என்ற இடத்தில் அமெரிக்கா மட்டும். அந்த நாட்டின் பெயரை எழுதிவிட்டால் பார்சல் அந்த நாட்டுச் சாதாரணத் தபாலுக்குள் நுழைந்து தொலைந்துபோகும். தனியார் கூரியர்கள் இந்த முகவரிகளுக்குக் கொண்டுசேர்ப்பதில்லை, தபால் துறை வழியாகத்தான் போகும். நீங்களே அனுப்புவதைவிட, அமெரிக்காவில் இருப்பவர் மூலம் எடை கூடினாலும் கட்டணம் மாறாத தபால் துறைப் பெட்டியில் அனுப்புவது வேகமும் மலிவும்.

உணவில் ஒரு பெரிய எச்சரிக்கை: கசகசா. சில வகைக் கசகசாவில் கோடீன் அதிகம் இருப்பதால் சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் என்று காட்டக்கூடும் என்று சொல்லி, 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் வீரர்களைக் கசகசாவைத் தவிர்க்கும்படி எச்சரித்தது. கசகசா சேர்த்த மசாலாப் பொடி, இனிப்பு, குருமாக் கலவை எதையும் அனுப்பாதீர்கள். பிள்ளை லீவில் வந்திருக்கும்போதும் சமையலில் சேர்க்காதீர்கள். கஞ்சா இனச் செடியான 'ஹெம்ப்'பின் விதை, எண்ணெய் சேர்ந்தவை முற்றிலும் தடை. வீட்டில் இருக்கும் மாத்திரை, இருமல் மருந்து, லேகியம் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். மருத்துவர் சீட்டு இல்லாத ஒரு மாத்திரை பரிசோதனையில் தெரிந்தால், அம்மா அனுப்பியது என்ற பதில் எடுபடாது.

வீட்டில் அவசரம் என்றால்

அப்பாவுக்கு மாரடைப்பு, அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் என்ற நிலை வந்தால், பிள்ளைக்கு நீங்கள் நேரடியாகச் சொன்னால் மட்டும் போதாது. கமாண்டர் அவசர லீவு கொடுப்பதற்கு உறுதிசெய்யப்பட்ட செய்தி வேண்டும். அந்த உறுதியைச் செய்துகொடுப்பது அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம். எண் 1-877-272-7337, இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும். உங்கள் நாட்டிலிருந்து இணையாவிட்டால் அவர்களுடைய இணையதளத்திலோ 'ஹீரோ கேர்' ஆப்பிலோ பதியலாம், அல்லது அமெரிக்காவில் உள்ள இடையாளை அழைக்கச் சொல்லலாம். அடிப்படைப் பயிற்சியின்போது பிள்ளையை நிச்சயமாக எட்டக்கூடிய வழி இது ஒன்றுதான்.

அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: பீரோவில் வைத்த அந்தத் தாள், பிள்ளையின் பதவிநிலை, இப்போதைய யூனிட்டின் முகவரி. கூடவே நோயாளியின் பெயர், உறவு, மருத்துவமனையின் பெயர், வார்டு, மருத்துவரின் பெயர், அவரை நேரடியாகப் பிடிக்கக்கூடிய எண். செஞ்சிலுவை ஊழியர் மருத்துவரிடம் பேசி, நோய் என்ன, உயிருக்கு ஆபத்தா, பிள்ளை வருவது அவசியமா என்று கேட்டுக்கொள்வார். செய்தி பெரும்பாலும் தாமதமாவது இந்தப் படியில்தான். மருத்துவமனையின் பொது எண்ணைக் கொடுத்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். எடுத்தாலும் நோயாளி விவரத்தைச் சொல்லமாட்டார்கள். அதனால் முதலில் மருத்துவரைப் பார்த்து, இப்படி ஒரு அழைப்பு வரும், ஆங்கிலத்தில் பேச வேண்டும், விவரம் சொல்ல எங்களுக்குச் சம்மதம் என்று சொல்லிவையுங்கள். நோய், நிலைமை, வர வேண்டிய அவசியம் மூன்றையும் எழுதிய கடிதம் ஒன்றையும் வாங்கிப் படம் எடுத்து வைத்திருங்கள். இறப்பு என்றால் இறுதிச் சடங்கு எப்போது என்பதையும் கேட்பார்கள். எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

செஞ்சிலுவை செய்தியைத்தான் சேர்க்கும். லீவு கொடுப்பது கமாண்டர். பெற்றோர், உடன்பிறந்தோர், மனைவி அல்லது கணவர், குழந்தைகள் என்றால் வழக்கமாகக் கிடைக்கும். தாத்தா பாட்டிக்குப் பெரும்பாலும் கிடைக்காது, அவர்களே பிள்ளையை வளர்த்தவர்களாக இருந்தால் ஒழிய. அப்படி வளர்த்திருந்தால் செய்தியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்; சொல்லாவிட்டால் அங்கே யாருக்கும் தெரியாது. இந்த லீவு பொதுவாக ஆண்டுக்குரிய 30 நாளிலிருந்துதான் கழியும். விமானக் கட்டணத்துக்குக் கையில் பணம் இல்லாத தரைப்படை வீரர்களுக்கு, 1942 முதல் இயங்கும் 'ஆர்மி எமர்ஜென்சி ரிலீஃப்' வட்டியில்லாக் கடன் கொடுக்கிறது. கிரெடிட் கார்டைத் தேய்க்கும் முன் அங்கே கேட்கச் சொல்லுங்கள்.

ஊருக்கு வருவதும் குடியுரிமையும்

சாதாரண லீவில் வெளிநாடு போவதற்குத் தனி அனுமதி, பாதுகாப்புப் பயிற்சி, பயண விவரப் பதிவு எல்லாம் உண்டு. திருமணத் தேதி குறித்துவிட்டுப் பிள்ளையிடம் சொல்லும் வழக்கம் இங்கே செல்லாது. முதலில் லீவு எழுத்தில் வரட்டும், பிறகு தேதி குறியுங்கள்.

ராணுவத்தில் இருப்பவர்களுக்குக் குடியுரிமை விண்ணப்பமான 'என்-400'-க்குக் கட்டணம் இல்லை. பணியை உறுதிசெய்யும் 'என்-426' படிவத்தில் ராணுவம் கையெழுத்திட வேண்டும். குடியுரிமை பெற்று 21 வயதும் ஆனவர் பெற்றோருக்குக் கிரீன் கார்டு கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் இந்தியப் பூர்வீகம் உள்ளவர்கள் ஒன்றை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை பெற்றதும் இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும், பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டு ராணுவத்தில் பணியாற்றுபவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியப் பூர்வீகத்தினர் விசா இல்லாமல் வந்துபோக உதவும் ஓசிஐ அட்டை கிடையாது. ஆகவே அதன்பின் ஒவ்வொரு வருகைக்கும் விசா தேவை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவசரம் வருவதற்கு முன்பே விசா வாங்கி வைத்திருப்பது நல்லது.

பிள்ளை உடைந்துபோயிருந்தால்

தூக்கமில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, இருந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால், "தைரியமா இரு" என்று முடித்துவிடாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது; கேட்க ஒருவர் இருக்கிறார் என்பது தெரியும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் படைவீரர்களுக்கான நெருக்கடி உதவி கிடைக்கும். பதிவில் ஏறிவிடும், பதவி உயர்வு போய்விடும் என்று பயப்படும் பிள்ளையைச் 'சாப்ளின்' எனப்படும் படைப்பிரிவின் மதகுருவிடம் அனுப்புங்கள். எந்த மதத்தவரும், மதமே இல்லாதவரும் போகலாம். அங்கே மனம்விட்டுச் சொல்வது ரகசியமாகவே இருக்கும்.

ஆபத்து இப்போதே என்று தோன்றினால் நீங்கள் அழைக்க வேண்டியது யூனிட்டின் 'ஸ்டாஃப் டியூட்டி' மேசையை. இரவிலும் அங்கே ஒருவர் விழித்திருப்பார். அறைக்கே ஆள் அனுப்புவார். அந்த எண்ணைப் பிள்ளை நன்றாக இருக்கும் நாளில் கேட்டு வாங்கி, கூட்டல் குறியும் 1-உம் சேர்த்து போனில் பதிந்து, ஒரு முறை உங்கள் நாட்டிலிருந்து இணைகிறதா என்று அழைத்துப் பாருங்கள். எடுத்தவரிடம் வீரரின் பெற்றோர் என்றும் எண்ணைச் சரிபார்க்கவே அழைத்ததாகவும் சொல்லிவிட்டு வைத்துவிடலாம்.